நாற்பத்தொரு ‘பாக்கலாமுங்க’

நடந்தது இதுதான்.

1. வேலை வரும் இணையத் தளம் தன் கமிஷனை உயர்த்தியது.
2. ஒரு பதில் வரியை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மூன்று பேர் போதும் என்று முடிவு செய்தோம்.
3. ஒலிப்பதிவைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலையை, எழுத்தைப் படித்துச் செய்யும் வேலையாக மாற்றினோம்.
4. காரணம் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டோம்.
5. துடியலூரிலிருந்து ஒரு பெண் நாற்பத்தொரு வரிகளுக்கு ‘வரமாட்டார்’ என்று குறித்தார். மற்ற இருவரும் ‘வருவார்’ என்றார்கள்.
6. நாற்பத்தொன்றும் நிராகரிக்கப்பட்டன. அவருடைய கணக்கு மூடப்பட்டது.
7. அவர் குறித்ததில் நாற்பது சரி.
8. நிராகரிக்கும் பொத்தானை அழுத்தியது நான்.

எட்டாவதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நடந்த வரிசையில் எழுதுவது என் பழக்கம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எனக்கு வயது முப்பத்து மூன்று. ஒன்பது ஆண்டுகள் இணையத்தில் துண்டு வேலை செய்தேன். கடைசி மூன்று ஆண்டுகள் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்காக அதே வேலையைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கவும் செய்தேன். போன மாதம் தளத்தை விட்டு வெளியேறினேன். துண்டு வேலை செய்யும் பெண்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை ‘ரிட்டையர்மென்ட்’ என்றார்கள். ஒருத்தி சால்வை படம் அனுப்பினாள், இன்னொருத்தி பென்ஷன் எவ்வளவு என்று கேட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மட்டும் விளையாடாமல் கேட்டார்கள், என்ன நடந்தது என்று ஒருமுறை முழுதாக எழுதச் சொல்லி. அவர்களுக்காகத்தான் இது.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வேலை ஒன்றை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக நறுக்கித் தளத்தில் போடுவார்கள். எந்த ஊரில் இருப்பவரும் எடுத்துச் செய்யலாம். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. போடுகிறவர்களில் கம்பெனிகளும் உண்டு, கல்லூரி ஆய்வாளர்களும் உண்டு. முன்பு ஆய்வாளர்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். இப்போது தளத்தில் கேள்வியைப் போட்டால் பதில் வந்து விழுகிறது. நடுவில் இருக்கும் தளம், கூலிக்கு மேல் ஒரு பங்கை வேலை தருபவரிடம் வாங்கிக்கொள்ளும். தளம் அதைக் கட்டணம் என்கிறது. நாங்கள் கமிஷன் என்போம்.

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் லேத் பட்டறை. எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்து முடித்ததும் பீளமேட்டில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் எட்டு மாதம் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் எங்களையும் முடித்துவிட்டார்கள். அடுத்தது கிடைக்கும்வரை என்று தளத்தில் சேர்ந்தேன். படத்தில் போக்குவரத்து விளக்கு இருக்கிறதா, ரசீதில் கடைப் பெயர் எது, இந்தக் குரலில் கோபம் தெரிகிறதா. முதல் ஆண்டில் கற்றது இரண்டே பாடம். குறிப்பு எத்தனை நீளமானாலும் முழுதாகப் படிக்க வேண்டும். ஏற்பு விகிதத்தைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும். நாம் செய்து கொடுத்ததில் நூற்றுக்கு எத்தனை ஏற்கப்பட்டது என்ற எண் அது. கொஞ்சம் இறங்கினால் நல்ல வேலை கண்ணில் படாது. இன்னும் இறங்கினால் கணக்கே போய்விடும். இறங்க ஒரு காலைப்பொழுது போதும், ஏற வருடம் ஆகும்.

வசுந்தரா மேடத்திடம் வந்து சேர்ந்ததும் தளத்தின் வழியாகத்தான். அவர் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். அவருடைய கருத்துக்கணிப்பு ஒன்றைச் செய்துவிட்டு, கடைசியில் இருந்த குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘பதினான்காவது கேள்வியும் இருபத்திரண்டாவது கேள்வியும் ஒன்றே. இரண்டுக்கும் வேறு பதில் வந்தால் எதை நம்புவீர்கள்?’ மறுநாள் தளத்தின் வழியே பதில் வந்தது. நீங்கள் சொன்னது சரிங்க, எந்த ஊருங்க என்று. கணபதி என்றேன். அப்படியானால் நேரில் வாங்க என்றார். போனேன். பகுதி நேர வேலை கிடைத்தது.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எதை இழந்தோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

வீட்டில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம், எங்களிடம் கோயம்புத்தூர்ப் பேச்சு. எல்லோருக்கும் ‘ங்க’ உண்டு. மாணவருக்கு உண்டு, கேன்டீன்காரருக்கு உண்டு. மக்கர் செய்யும் பிரின்டரிடமும், “ஏனுங்க, இன்னைக்கு அடிப்பீங்களா மாட்டீங்களா?” என்று கேட்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, ‘ங்க’ காணாமல் போகும். நான் இருந்த மூன்று ஆண்டில் ஒரே ஒருநாள்தான் போயிற்று.

புதிய கேள்வி எதுவானாலும் முதலில் துறை அட்டெண்டர் பழனிச்சாமி அண்ணனிடம் போகும். அவருக்குப் புரியவில்லை என்றால் தப்பு கேள்வியில்தான், அவரிடம் இல்லை என்பது மேடத்தின் சட்டம். அண்ணனும் அந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படிப்பார். ‘மாத்திரை போட மறப்பதை நிறுத்திவிட்டீர்களா?’ என்று ஒரு கேள்வி எழுதியிருந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங் மேடம், இதுக்கு ஆமான்னாலும் மாட்டிக்குவனுங்க, இல்லைன்னாலும் மாட்டிக்குவனுங்க.”

கேள்வி குப்பைக்குப் போனது.

தளத்தில் ஏற்றியபின் ஒவ்வொரு வரியையும் ஐந்து பேர் பார்ப்பார்கள். ஐவரில் யாராவது மாறுபட்டால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். ஒற்றை வரி போதும். வெள்ளிக்கிழமை முற்பகல் அந்தக் காரணங்களை அச்செடுத்து மேடத்தின் மேசையில் வைப்பேன். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துப் படிப்பார். படித்து முடிக்காமல் ஸ்கேல் கீழே இறங்காது. ஏதாவது சந்தேகம் என்றால் என்னை நிமிர்ந்து பார்த்து, “காரணம்?” என்பார். அவ்வளவுதான் கேள்வி. நிராகரிப்பு என்றால் பக்கத்தில் அவருடைய முதலெழுத்து விழ வேண்டும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அப்படி நிராகரித்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கடைசி ஆய்வு சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ்கள் போன் செய்து, கண் பரிசோதனைக்கு வருவீர்களா என்று கேட்பார்கள். நோயாளிகளின் சம்மதத்தோடு, பெயரை நீக்கிய பதிவுகள் எங்களுக்கு வந்தன. ஒவ்வொரு பதிலையும் கேட்டு ‘வருவார்’, ‘வரமாட்டார்’, ‘தெளிவில்லை’ என்று குறிக்க வேண்டும். அந்தக் குறிகளை வைத்து ஒரு கணினி முறை உருவாகும். ‘வரமாட்டார்’ என்று அது சொல்லும் ஆளை நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிடுவார். ‘வருவார்’ என்று சொல்லும் ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் கண்ணை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு பாதியில் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தது. மேம்பட்ட சேவைக்காகக் கட்டணம் மாற்றியமைக்கப்படுகிறது. கூலியில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த கமிஷன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒலிக்குத் தனியாக ஒன்று. ஒரே வரியை அதிகம் பேர் பார்த்தால் அதற்கும் தனியாக ஒன்று. சேவையில் என்ன மேம்பட்டது என்று தேடினேன். பொத்தான்களின் நிறம் மாறியிருந்தது.

கமிஷன் ஏறும்போது ஆய்வுக்கு வந்த நிதி ஏறுவதில்லை. பக்கத்துத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்த ஒருவர் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார். இன்னொருவர் தன் விடுதி நண்பர்களை உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பினார். தமிழ்நாட்டு இளைஞர்களின் மனநிலை என்று அவர் எழுதியது இரண்டாம் மாடி விடுதிக்காரர்களின் மனநிலை. மேடம், கல்வி ஆய்வுக்குச் சலுகை உண்டா என்று தளத்துக்கு எழுதினார். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று பதில் வந்தது. சமத்துவம் சில இடங்களில் மட்டும் சரியாக நினைவுக்கு வரும்.

“கூலியில மட்டும் கை வெக்க வேண்டாங்க,” என்றார் மேடம். மற்றதை என்னிடம் விட்டார்.

நான் ஓர் அட்டவணை போட்டேன். ஐந்துக்கு மூன்று. ஒலிக்கு எழுத்து. காரணக் கட்டத்துக்கும் துண்டுக் கணக்கு உண்டு என்பதால் அது நீக்கம். மாறுபடுகிற ஆளைத் தளமே பெரும்பான்மையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை வாசிப்பும் நீக்கம். நிதிக்குள் துல்லியமாக அடங்கியது. இவ்வளவு அழகான அட்டவணையை அதற்கு முன் நான் போட்டதில்லை. பழனிச்சாமி அண்ணன் அந்த வாரம் விடுப்பு. அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. மேடம் அட்டவணையைப் பார்த்தார், ஸ்கேலை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார்.

முடிவுகள் வந்தபோது திரையில் வாக்கியங்கள் இல்லை. ஆட்களின் அடையாள எண்கள் இருந்தன. எதிரில், பெரும்பான்மையோடு எத்தனை முறை ஒத்துப்போனார்கள் என்ற சதவீதம். ஓர் எண் மட்டும் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ‘அனைத்தையும் நிராகரி’ என்ற பொத்தான். காரணம் என்று ஒரு பட்டியல் விரிந்தது. அதில் முதலாவதாக இருந்தது ‘கவனக்குறைவு’. நிராகரித்தால் அந்தக் கூலியும் அதன் மேல் கட்டிய கமிஷனும் திரும்பி வரும் என்பதும் எனக்குத் தெரியும். அழுத்தினேன். அதற்கு ஆன நேரம், இந்த வாக்கியத்தைப் படிக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

ஆறு வாரம் கழித்து, காலைச் சிற்றுண்டி முடித்த வேளையில் மகேஸ்வரி அக்கா போன் செய்தார்.

எங்கள் குழுவில் அவர் மூத்தவர். துடியலூரில் இருக்கிறார். பம்ப் செட் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் தரம் பார்த்தவர். கேஜ் என்கிற அளவுகோலை வைத்து, வந்து விழும் ஒவ்வொரு பாகத்தையும் சரி, சரியில்லை என்று பிரிக்கும் வேலை. ஒரு விபத்துக்குப் பின் காலில் பிளேட் வைத்திருக்கிறார், நின்று வேலை செய்ய முடியாது. தளம்தான் அவருக்கு வேலை. வேறு இல்லை.

“சுகந்தி, விகிதம் எறங்கிப்போச்சுன்னு இன்னைக்குக் கணக்க மூடிப்போட்டாங்க கண்ணு.”

யார் நிராகரித்தது என்று கேட்டேன்.

“பேரு எங்க தெரியுது? நம்பருதான். நாப்பத்தொண்ணும் ஒரே எடத்துல இருந்து. கவனக்குறைவுன்னு போட்டிருக்குது.”

ஒன்றைப் படியுங்கள் என்றேன். செய்த வேலையை நோட்டில் குறித்து வைப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

“‘சரிங்க, பாக்கலாமுங்க, வாரேனுங்க.’ கண்ணு டெஸ்டுக்கு வருவாரா மாட்டாரான்னு கேள்வி. இதுல ரோசனை பண்ண என்ன இருக்குது? வரமாட்டாரு.”

கீழே அப்பாவின் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

“லைன்ல இருக்கறயா?”

“இருக்கறனுங்க்கா. அந்த நம்பரு நான்தானுங்க்கா.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

“கணபதிக்காரிதான நீயி? உனக்குமா தெரியல?”

தெரியும். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ‘பாக்கலாமுங்க’ என்றால் வேண்டாம். ‘வாரேனுங்க’ என்றால் போகிறேன், பேச்சு முடிந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் கதவைச் சத்தமில்லாமல் சாத்தியாயிற்று. என் அம்மா எனக்கு வந்த ஒரு வரனுக்குத் தரகரிடம் இந்த மூன்றையும் சொன்னார். தரகர் காபியைக் குடித்துவிட்டு, ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் தளத்துக்குத் தமிழ் என்றால் ஒரே தமிழ். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அந்த வேலையை எடுத்திருப்பார்கள். எழுத்தில் படித்தால் சரி, பார்ப்போம், வருகிறேன். அவர்கள் குறித்ததில் அவர்கள் தவறு இல்லை. ஒலி இருந்திருந்தால் அந்த ‘வாரேனுங்க’ பாதியில் இருக்கும்போதே போனை வைக்கும் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். ஐந்து பேர் இருந்திருந்தால் இன்னும் ஒரு கொங்குக்காரர் சிக்கியிருக்கலாம். கட்டம் இருந்திருந்தால் மகேஸ்வரி அக்கா ஒற்றை வரி எழுதியிருப்பார், வெள்ளிக்கிழமை ஸ்கேல் அந்த வரியில் நின்றிருக்கும். வாக்கியத்தை ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கத் தேவையில்லாதபடி ஏற்பாடு செய்தவளும் நான்தான்.

மறுநாள் நாற்பத்தொரு வரிகளையும் அச்செடுத்து மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் விசிறியை நிறுத்தினார். ஸ்கேல் முதல் வரியில் நின்றது. இரண்டாவதில் நின்றது. ஐந்தாவது வரிக்குப் பின் நிமிர்ந்தார்.

“யாரு பாத்தா இத?”

“யாரும் பாக்கலைங்க மேடம்.”

“நானும் பாக்கல.”

‘ங்க’ போய்விட்டது. அது என்மேல் மட்டும் போகவில்லை என்பதும் தெரிந்தது. பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அண்ணன் காலி டீ கிளாஸ்களை எடுக்க வந்தவர் போல வந்து நின்றார்.

“அண்ணா, ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வர முடியுங்களா? பொஸ்தகமெல்லாம் எறக்கித் தொடச்சு வெக்கோணும்.”

அண்ணன் பிடரியைத் தடவினார்.

“ஞாயித்துக்கெழமைங்களா... சரிங்க மேடம். பாக்கலாமுங்க.” கிளாஸை எடுத்துக்கொண்டார். “வாரேனுங்க.”

போய்விட்டார். மேடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணையும் சொல்லிப்போட்டாரு,” என்றார். சிரிக்கவில்லை.

அதற்குள் அறிக்கை மருத்துவமனைக்குப் போயிருந்தது. ஆய்வுக் கூட்டத்தில், எங்களோடு ஆய்வு செய்த இன்னொரு பேராசிரியர், ஒத்துப்போகும் சதவீதம் ஏற்கத்தக்க அளவுக்கு மேல்தான் இருக்கிறது, தளத்துக்கான நிதியும் தீர்ந்துவிட்டது, இப்படியே விட்டுவிடலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கூட்டத்தில் பேசும் வழக்கமில்லாதவள். அன்று எழுந்து, பெரும்பான்மை சொன்னது தவறு, அதைத் திருத்தாமல் அறிக்கையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னேன். என் பெயர் நன்றியுரையில் கடைசியாக இருந்த பெயர். அதை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தாலும் சொன்னேன். மேடம் மறுவார்த்தை பேசாமல் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மருத்துவமனைக்கு எழுதினார்.

அடுத்தது மகேஸ்வரி அக்காவின் கணக்கு. நிராகரிப்பை வேலை தந்தவர் முப்பது நாளுக்குள் திரும்பப் பெறலாம். நாட்கள் தாண்டிவிட்டன. தவறு எங்களுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று மேடம் தம் கையெழுத்தோடு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். வந்த பதில், சம்பந்தப்பட்டவர் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பலாம் என்றது.

படிவத்தில் பெயர், எண், தேதி. கடைசியில் ஒரு சின்னக் கட்டம். ‘என் வேலையில் கவனக்குறைவு இருந்ததை ஏற்கிறேன். இனி கவனமாக இருப்பேன்.’ அதில் டிக் அடித்தால்தான் அனுப்பும் பொத்தான் உயிர் பெறும். அடிக்காவிட்டால் சாம்பல் நிறத்தில் கிடக்கும். வேறு வழி இல்லை. எங்கள் குழுவில் பலர் அதை அடித்துக் கணக்கை மீட்டிருக்கிறார்கள். நானே ஒருமுறை அடித்திருக்கிறேன். எதற்கு என்று இப்போது நினைவில்லை. அதுதான் அந்தக் கட்டத்தின் வசதி.

அக்காவின் வீட்டுக்கே போனேன். செய்தது நான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், ஆனால் டிக் அடித்துவிடுங்கள், அது வெறும் கட்டம் என்றேன். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“தப்பு செஞ்சவங்க அடிக்கட்டும் கண்ணு.”

“வேலை வேணுமல்லங்க்கா.”

“வேணும். கம்பெனில ஒருத்தரு இருந்தாரு. பம்பு சரியில்லைன்னு எழுதுனா, கேஜ அராவி பம்புக்குச் சரி பண்ணச் சொல்லுவாரு. நான் பண்ணலையே. இப்ப மட்டும் பண்ணுவனா?”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டீ கொடுத்தார். குடித்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று தெளிவானது. அந்த ஒரு டிக்கின் மேல்தான் தளம் நிற்கிறது. கமிஷனை அவர்கள் ஏற்றுவார்கள், அதற்காக நாங்கள் வேலையைக் குறைப்போம், குறைத்ததால் வரும் தவறுக்குக் கடைசியில் இருப்பவர் கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்வார். எல்லோரும் ஒப்புக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். துடியலூரில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மேடத்திடம் சொன்னேன். “அப்ப நாமளும் வேண்டாங்க,” என்றார். ‘ங்க’ திரும்பி வந்திருந்தது.

தளம் இல்லாமல் செய்ய முடிவு செய்தோம். அறிக்கை வெளியீட்டுக்கென்று தனியே ஒதுக்கியிருந்த நிதி, தளத்துக்குப் பங்கு கொடுக்காவிட்டால், எங்கள் குழுவிலிருந்து பதினோரு பெண்களை நேரில் உட்கார வைத்துச் செய்யப் போதுமானது. ஒருத்தியிடம் தளத்தின் வழியே கேட்டதுமே, தளத்தில் அறிமுகமானவர்களை வெளியே வேலைக்குக் கூப்பிடுவது விதிமீறல் என்று எனக்கு எச்சரிக்கை வந்தது. என் கணக்கும் போகும் என்று அதற்குப் பொருள். போகட்டும் என்று பதினோரு பேரையும் கூப்பிட்டேன். கல்லூரிக் கணக்குப் பிரிவில் வேறு மாதிரி. பதினோரு பேருக்குத் தனித்தனியாகக் கொடுக்க வழியில்லை, தளம் என்றால் ஒரே பில்லாக வரும் என்றார்கள். மேடம் ஸ்டீல் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் விதிப் புத்தகத்தை அங்கேயே நின்று படித்தார். ஸ்கேல் நாலாம் பக்கத்துக்கு வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது.

முதல் நாள் காலை மகேஸ்வரி அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மேடம் துறை வாசலில் நின்றிருந்தார்.

“நீங்கதானுங்களா அந்த நாப்பத்தொண்ணு?”

“ஆமாங்க. நீங்கதானுங்களா அந்த நம்பரு?”

“ஆமாங்க.”

இருவரும் உள்ளே வந்தார்கள். பிறகு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹெட்போன் மாட்டி, பழையபடி வரிக்கு ஐந்து பேர், காரணக் கட்டத்தோடு, ஒன்பது நாள் கேட்டோம். கேள்வித்தாளை முதலில் பழனிச்சாமி அண்ணன் பார்த்தார். நாற்பத்தொன்றில் நாற்பதுக்கு எல்லோரும் ‘வரமாட்டார்’ என்றார்கள். ஒன்று மட்டும் நின்றது. ஒரு வயதான அம்மாள். ‘பாக்கலாமுங்க’ என்கிறார். ‘வாரேனுங்க’ என்கிறார். ஆனால் போனை வைக்கவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எழுத்துப் பிரதியில் வரவேயில்லை. மகேஸ்வரி அக்கா இரண்டு முறை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்தம்மா வருவாங்க. இது என் தப்பு. எழுதிக்கோ.”

யாரும் அவரிடம் டிக் அடிக்கச் சொல்லவில்லை. காரணக் கட்டத்தில் அவரே எழுதினார்: ‘பஸ் கேட்டார்.’

அந்த வாரமே நான் தளத்தை விட்டேன், அவர்கள் மூடும் முன்னால். வெளியேறும் படிவத்தில் ஒரு கேள்வி: ‘எதிர்காலத்தில் மீண்டும் எங்களுடன் இணைவீர்களா? உங்கள் மொழியிலேயே எழுதலாம்.’ எழுதினேன்: ‘சரிங்க. பாக்கலாமுங்க. வாரேனுங்க.’ மறுநாள் பதில் வந்தது. தாங்கள் திரும்பி வரவிருப்பதில் மகிழ்ச்சி, தங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

காத்திருக்கட்டும்.

இப்போதைய நிலவரம் இது. திருத்திய அறிக்கை மருத்துவமனையில் இருக்கிறது. அந்த நாற்பது பேரையும் நர்ஸ்கள் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். சிலர் வந்தார்கள், சிலர் மறுபடியும் ‘பாக்கலாமுங்க’ என்றார்கள். தளத்தின் கமிஷன் குறையவில்லை. பதினோரு பேரும் நானும் வாரத்தில் மூன்று நாள் பீளமேட்டில் உட்காருகிறோம். அடுத்த ஆய்வுக்கு நிதி கிடைக்குமா என்று தெரியாது. மகேஸ்வரி அக்காவின் கணக்கு இன்றும் மூடியே இருக்கிறது. படிவம் அவர் லேப்டாப்பில் திறந்தபடி இருக்கிறது. கட்டத்தில் டிக் இல்லை.